அரைமண்டிக்கு முன் 12 வாரம்: 36 வயதில் பரதம் தொடங்குபவரின் உடல் தயாரிப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

பரதநாட்டியம் கற்பது என்று முடிவு செய்த பெரியவர்கள் முதலில் செய்வது, தரையில் பட்டாம்பூச்சி இருக்கையில் உட்கார்ந்து தொடைகளைக் கீழே அமுக்கத் தொடங்குவது. உடம்பு வளைந்தால் ஆட்டம் வந்துவிடும் என்ற நினைப்பு. ஆனால் வகுப்பின் முதல் மாதங்களில் தகராறு செய்வது பெரும்பாலும் வளையாத இடுப்பு அல்ல. தட்டு, அதாவது பாதத்தால் தரையைத் தட்டி ஆடுவது, தாங்காத கெண்டைக்கால், உள்ளங்கால், கணைக்கால் எலும்பு ஆகியவைதான். தயாரிப்பு என்றால் நெகிழ்வைக் கூட்டுவது என்று எடுத்துக்கொள்வதா, சுமை தாங்கும் திறனைக் கூட்டுவது என்று எடுத்துக்கொள்வதா என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

இங்கே வருபவர் தனி ஒரு மனிதர் அல்லர். நாற்காலி வேலையில் இருந்துகொண்டு முப்பதுகளில் நாட்டியம் தொடங்குவோரிடம் வழக்கமாகத் தென்படும் நிலைகளை ஒருவர்மேல் ஏற்றி எழுதியது இது. அவருடைய அளவுகளும் அப்படியே, கணக்கு எப்படி ஓடுகிறது என்று காட்டுவதற்கானவை.

வந்தபோது இருந்த நிலை

வயது 36. உயரம் 162 செ.மீ., எடை 71 கிலோ. நாளுக்கு 9 மணி நேரம் உட்கார்ந்த வேலை. நான்கு வயதில் ஒரு குழந்தை, சுகப்பிரசவம். இரண்டு ஆண்டுக்கு முன் வலது கணுக்கால் சுளுக்கியது. வீக்கம் வடிந்ததும் அதை மறந்துவிட்டார். பள்ளி நாட்களுக்குப் பிறகு ஓடியதே இல்லை. 12 வாரம் கழித்து, வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு மணி நேர வகுப்பில் சேருவது திட்டம்.

அளவெடுக்கும் முன் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். உழைக்கும்போது நெஞ்சுவலி வந்ததுண்டா, மயக்கம் போட்டதுண்டா, ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து உண்டா, மூட்டில் அறுவை சிகிச்சை நடந்ததா, இப்போது கர்ப்பமா. ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் முதலில் மருத்துவர், பிறகுதான் மற்றதெல்லாம். இவருக்கு எல்லாவற்றுக்கும் ‘இல்லை’.

கடைசியாக ஒரு கேள்வி. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, கேட்காவிட்டால் யாரும் தானாகச் சொல்வதுமில்லை: தும்மினால், குதித்தால் சிறுநீர் கசிகிறதா? இவர் கொஞ்சம் தயங்கி, ‘எப்போதாவது’ என்றார். பிரசவத்துக்குப் பின் இடுப்புத்தளத் தசைகள் வலுவிழந்திருந்தால் ஒவ்வொரு தட்டும் அந்த இடத்தில் போய் இறங்கும். கசிவு வரும் என்ற பயத்திலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள், மூச்சைப் பிடித்தால் வயிற்றினுள் அழுத்தம் கூடி நிலைமை இன்னும் மோசமாகும். இதற்குப் பயிற்சி உண்டு, பலருக்குப் பலனும் உண்டு. இடுப்புத்தளத்தில் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் முதல் வாரமே அனுப்பப்பட்டார். அது சரியாகும்வரை குதிப்பும் தட்டும் கிடையாது என்பது முதல் விதி.

கால்கள் சொன்ன கணக்கு

கணுக்கால்: சுவரை நோக்கி நின்று, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொடக்கூடிய அதிகபட்சத் தூரத்தில் பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளக்கிறோம். 10 செ.மீ. அளவில் இருந்தால் கவலையில்லை. இவருக்கு இடது 10.5, வலது 6. மறந்துபோன அந்தச் சுளுக்கு இங்கே பிடிபட்டது. கணுக்கால் இப்படி இறுகியிருந்தால் அரைமண்டியில் (பாதங்களை இரு பக்கமும் திருப்பி, முழங்கால்களை மடக்கிப் பாதி அமர்ந்து நிற்கும் பரதத்தின் அடிப்படை நிலை) அந்தப் பக்கக் குதிகால் மெல்லத் தூக்கும், அல்லது உள்பாதம் சரிந்து முழங்கால் உள்ளே விழும். ஆசிரியர் ‘முழங்காலைத் திற’ என்று எத்தனை முறை சொன்னாலும் திறக்காது, ஏனென்றால் கோளாறு முழங்காலில் இல்லை.

கெண்டைக்கால்: சமநிலைக்கு மட்டும் சுவரில் இரண்டு விரலை வைத்து, ஒற்றைக்காலில் குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்குவது. முழங்கால் மடங்கத் தொடங்கினாலோ உயரம் குறைந்தாலோ எண்ணுவதை நிறுத்திவிட வேண்டும். 25 என்பது பழைய அளவுகோல். வயதுக்கு ஏற்பக் குறையும், பயிற்சி இல்லாதவர்களுக்கு எட்டுவது கடினம். இடது 14, வலது 8.

ஒற்றைக்கால் நிற்பு, கண் திறந்தபடி: இடது 30 விநாடி, வலது 12. இரண்டு கையையும் தோள் மட்டத்தில் நீட்டி நாட்டியாரம்ப நிலை: 50 விநாடியில் முழங்கைகள் தொங்கின, தோள்கள் காதை நோக்கி ஏறின. ஓய்விலிருக்கும் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 84.

இடுப்பு எவ்வளவு திறக்கும்?

அரைமண்டியில் பாதங்கள் இரு பக்கமும் திரும்பியிருக்கின்றன. அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டில், தொடை எலும்பின் தலை அதன் குழியில் சுழல்வதால் வர வேண்டும். இடுப்பு தராத மிச்சத்தை முழங்காலும் பாதமும் கட்டும்.

குப்புறப் படுத்து, முழங்காலை 90 பாகைக்கு மடக்கி, கீழ்க்காலை மற்ற காலின் பக்கமாகச் சாய்த்தால் இடுப்பின் வெளிச்சுழற்சி தெரியும். இவருக்கு இரண்டு பக்கமும் 42 பாகை. இதைத் தசைகள் தாமாக எவ்வளவு பிடித்துவைக்கின்றன என்பது வேறு அளவு. அதற்கு வழவழப்பான தரையில் ஒவ்வொரு பாதத்தின் கீழும் ஒரு தாளை வைத்து, நேராக நின்று, பாதங்களைத் திறக்கச் சொல்ல வேண்டும். உராய்வு இல்லாததால் பாதம் ஏமாற்ற முடியாது, இடுப்பு எவ்வளவு திருப்புகிறதோ அவ்வளவுதான் திரும்பும். கிடைத்தது பக்கத்துக்கு 35 பாகை. தாளை எடுத்துவிட்டு வெறுங்காலில் ‘முடிந்தவரை திறங்கள்’ என்றபோது 70.

70-க்கும் 35-க்கும் இடையில் உள்ள அந்த 35 பாகைதான் இந்த நிகழ்வின் முக்கியமான எண். தரையின் பிடிப்பைப் பயன்படுத்திப் பாதத்தை முதலில் ஊன்றி, பிறகு காலை அதற்கு மேல் முறுக்கியதால் வந்தது அது. முழங்கால் மடங்கியிருக்கும்போது கீழ்க்கால் எலும்பு தொடை எலும்பின் கீழ் கொஞ்சம் சுழலும் இயல்புடையது, அதனால் முதலில் ஒன்றும் வலிக்காது. தினமும் சில நூறு தட்டு அந்த முறுக்கின்மேல் விழுந்தால் முழங்காலின் உள்பக்கம் பேசத் தொடங்கும். மறுபக்கம், உள்பாத வளைவு சரியும்.

இன்னொரு ஏமாற்று வழியும் உண்டு: பின்பக்கத்தைத் தள்ளி இடுப்பை முன்சாய்ப்பது. இடுப்பு மூட்டின் முன்பக்கத் தசைநார் அப்போது தளர்வதால் திருப்பம் கூடியது போலத் தெரியும். விலையைக் கீழ்முதுகு கொடுக்கும்.

இங்கே வெளிப்படையாக ஒன்று சொல்ல வேண்டும். தொடை எலும்பின் கழுத்துக்கு இயற்கையாகவே ஒரு முறுக்கு உண்டு. பிறக்கும்போது அதிகமாக இருந்து, வளரும் ஆண்டுகளில் குறைந்து, பெரியவர்களில் சராசரியாக 15 பாகை அளவில் நிலைக்கிறது. அது சிலருக்குக் கூடுதலாகவே நின்றுவிடும். அவர்களுக்கு வெளிச்சுழற்சி குறைவாகவே இருக்கும். எந்த நீட்சிப் பயிற்சியும் எலும்பின் வடிவத்தை மாற்றாது. தொடைமேல் ஏறி நின்று அமுக்குவதும், பிறரை விட்டு அமுக்கச் சொல்வதும் மாற்றாது. அவை மூட்டின் விளிம்புக் குருத்தெலும்பைக் கிழிக்க மட்டுமே உதவும்.

ஆக இலக்கு 42-ஐ 60 ஆக்குவது அல்ல. இருக்கும் 42-க்கு அருகில் 35-ஐக் கொண்டுவருவதும், 70 பக்கம் போகாமல் இருப்பதும். மிகையாக வளையும் உடல்வாகு உள்ளவர்களுக்கு (விரல்கள், முழங்கை, முழங்கால் எல்லாம் பின்னோக்கி மடங்குபவர்கள்) இது இரட்டிப்பாகப் பொருந்தும். அவர்களுக்கு நீட்சியே தேவையில்லை, பிடிப்புதான் தேவை.

முதல் நான்கு வாரம்

ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு மூன்று முறை, 35 நிமிடம். முதல் 8 நிமிடம் உடலைச் சூடேற்றும் அசைவுகள்: வேக நடை, காலை முன்பின் வீசுதல், கணுக்கால் சுற்றல், மெதுவான அரை உட்கார்தல். நீட்டிப்பிடிக்கும் பயிற்சி கடைசியில் மட்டும், ஒவ்வொன்றும் 30 விநாடி. ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டி வைத்துவிட்டு உடனே வேலை வாங்கினால் அதன் விசை கொஞ்ச நேரத்துக்குக் குறைந்திருக்கும். தொடக்கத்தில் நீட்ட வேண்டாம் என்பதற்கு அதுதான் காரணம்.

மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி 3 விநாடி நிறுத்துவது, 10 வீதம் 3 சுற்று. ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, குதிகால்கள் ஒட்டியிருக்க மேல் முழங்காலை மட்டும் திறப்பது, பக்கத்துக்கு 12 வீதம் 3 சுற்று. இதில் இடுப்பு பின்னால் உருண்டால் அந்த எண்ணிக்கை செல்லாது. சுவரோடு முதுகை ஒட்டவைத்துப் பின்பக்கம் தள்ளாமல் சுவர்வழியே இறங்கி நிற்கும் அரைமண்டி, பாதங்கள் பக்கத்துக்கு 35 பாகை மட்டும் திரும்பியிருக்க, 20 விநாடி வீதம் 5 முறை. நாட்டியாரம்பக் கைகள் 30 விநாடி வீதம் 4 முறை. வலது கணுக்காலுக்குச் சுவர் நோக்கிய அசைவு, 15 வீதம் 2 சுற்று, தினமும்.

குதிகால் தூக்கலை இரண்டு விதமாகச் செய்ய வேண்டும்: முழங்கால் நேராக 15 வீதம் 3 சுற்று, முழங்காலை மடக்கியபடி அதே அளவு. 2 விநாடியில் ஏறி, 3 விநாடியில் இறங்க வேண்டும். இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம், நாட்டியத்துக்கு வேண்டியதோ அதுதான். முழங்கால் மடங்கியிருக்கும்போது மேல்கெண்டைத் தசை தளர்ந்துவிட, உள்ளே இருக்கும் தட்டையான தசை வேலையை ஏற்கிறது. அடவு (பரதத்தின் அடிப்படை அசைவுத் தொகுதி) முழுக்க முழங்கால் மடங்கித்தானே இருக்கிறது.

பாதத்துக்கு: விரல்களை மடக்காமல், பெருவிரலின் அடிப்பகுதியைக் குதிகாலை நோக்கி இழுத்து வளைவை உயர்த்தி 5 விநாடி, 10 முறை. நாள் முழுக்கச் செருப்போ ஷூவோ போட்டுப் பழகிய கால் என்பதால் வீட்டுக்குள் தினமும் அரைமணி நேரம் வெறுங்கால்.

மற்ற நாட்களில் மூன்று முறை 30 நிமிட நடை. வேகம்: ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது.

முதல் சறுக்கல்: ஏறாத மூச்சு

நான்கு வாரம் கழிந்தும் நடையில் மூச்சு வாங்குவது குறையவில்லை, நாடித்துடிப்பு 84-லேயே நின்றது. கால்களின் வலு மட்டும் கூடியிருந்தது. ஒழுங்காகப் பயிற்சி செய்தும் இதயமும் மூச்சும் அசையாமல் நின்றால் பயிற்சியைக் கூட்டக்கூடாது, ரத்தத்தைப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 10.2 கிராம். கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே ரத்தசோகை. மருத்துவர் காரணத்தைத் தேடிப்பார்த்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். நடை அதே அளவில் தொடர்ந்தது. ‘சோம்பேறித்தனம்’ என்று தன்னையே திட்டிக்கொண்டு வேகத்தைக் கூட்டியிருந்தால் இரண்டு மாதம் வீணாகியிருக்கும்.

5 முதல் 8 வரை

குதிகால் தூக்கல் ஒற்றைக்காலுக்கு மாறியது, 6 வீதம் 3 சுற்றில் தொடங்கி 10 வரை. வலதுக்கு ஒரு சுற்று கூடுதல். ஒற்றைக்கால் நிற்பில், மற்ற காலை முன்னும் பக்கமும் நீட்டித் தொடுவது சேர்ந்தது. ஆறாம் வாரம் பிசியோதெரபிஸ்ட் கசிவு நின்றதை உறுதி செய்தபின், இரட்டைக்காலில் சிறு குதிப்புகள், 20 வீதம் 2 சுற்று.

தட்டு ஏழாம் வாரம்தான். எண்ணித் தொடங்குவது முக்கியம், ஏனென்றால் தட்டு என்பது ஒரு மருந்தளவு. மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60-ல் வைத்தால் தட்டடவின் (பாதத்தைத் தட்டும் அடவு) முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், நிமிடத்துக்கு 60 தட்டு, இரண்டாம் காலத்தில் 120, மூன்றாம் காலத்தில் 240. ஏழாம் வாரம் ஒரு நாளைக்கு 100 தட்டு (பாதத்துக்கு 50), ஒருநாள் விட்டு ஒருநாள், முதல் காலம் மட்டும். எட்டில் 150, ஒன்பதில் 200, பத்தில் 300, பதினொன்றில் 400, பன்னிரண்டில் 500.

எப்படித் தட்டுவது என்பதும் அளவுக்கு நிகரானது. குதிகாலைப் பின்னால் உயர்த்தி, முழுப் பாதமும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். நல்ல ஓசை பாதம் தட்டையாக விழுவதால் வருகிறது, ஓங்கி அடிப்பதால் அல்ல. குதிகால் முதலில் பட்டால் ஓசை ‘டொக்’ என்று ஒற்றையாகக் கேட்கும், அதிர்வு நேரே மேலேறும். முழங்கால் தெரியும் உடையில், கண்ணாடி முன்னால், முழங்கால்சில்லு இரண்டாம் கால்விரலுக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்தபடி தட்ட வேண்டும். மரத்தரை கிடைத்தால் நல்லது. கல்தரைதான் என்றால் மெல்லிய உறுதியான பாய் ஒன்று போதும். மெத்தை போன்ற தடித்த விரிப்பில் பாதம் புதைந்து முறுக்கும். காலுறை வேண்டாம், வழுக்கும்.

இரண்டாம் சறுக்கல்: 2,400 தட்டு

எட்டாம் வாரம் ஒரு விடுமுறை நாளில், காணொளி ஒன்றைப் பார்த்தபடி, கல்தரையில் இரண்டாம் காலத்தில் 20 நிமிடம் விடாமல் தட்டினார். 120 வீதம் 20 நிமிடம் 2,400 தட்டு, அன்றைய அளவைப் போல 16 மடங்கு. அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை கணைக்காலின் உள்விளிம்பில் வலி.

தசை சில வாரத்தில் வலுக்கூடும். அந்தத் தொடக்க வலுவில் பெரும்பங்கு நரம்புகள் தசையை இயக்கப் பழகிக்கொள்வதால் வருவது. தசைநாணுக்கு மாதங்கள் ஆகும். எலும்போ, புதுச் சுமை வந்ததும் முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். அந்தச் சுற்று முடிய மூன்று நான்கு மாதம். அதாவது ‘இப்போது எனக்கு நன்றாக முடிகிறது’ என்று தோன்றும் வாரங்களும், எலும்பு வலுவிழந்திருக்கும் வாரங்களும் ஒன்றாகவே வருகின்றன. இது கொஞ்சம் அநியாயம்தான்.

விரலால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக அமுக்கிப் பார்த்ததில் வலி 7 செ.மீ. நீளத்துக்குப் பரவியிருந்தது. 5 செ.மீ. அல்லது அதற்கு மேல் பரவிய வலி பொதுவாக எலும்புறையும் எலும்பின் மேற்பரப்பும் எரிச்சலடைந்ததைக் காட்டும். ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்தினாலோ, இரவில் ஓய்விலும் வலித்தாலோ, ஒற்றைக்காலில் ஒரு குதி குதிக்க முடியாவிட்டாலோ அது எலும்பில் விரிசலாக இருக்கலாம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம் என்பதால், ‘எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது’ என்பது ஆடுவதற்கான அனுமதி அல்ல.

இவருக்குத் தட்டும் குதிப்பும் 10 நாள் நிறுத்தப்பட்டன. நடை, குதிகால் தூக்கல், இடுப்புப் பயிற்சி தொடர்ந்தன. வலியைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்டு, பயிற்சியின்போது 3-க்கு மேல் போகக்கூடாது, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்ற விதியில் 100 தட்டிலிருந்து மறுபடி தொடக்கம். பன்னிரண்டாம் வார இலக்கு 500-லிருந்து 300 ஆனது. பிடிவாதமாக 500-க்குப் போகாதது சரியான முடிவு என்றே கருதுகிறோம்.

முழங்காலின் உள்பக்கமும் ஒருமுறை லேசாக வலித்தது. காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை, வரிசைதான் மாறியிருந்தது: முதலில் அரைமண்டியில் அமர்ந்து, பிறகு பாதங்களைத் திறந்திருக்கிறார். நேராக நின்று, தொடையின் மேற்பகுதியிலிருந்து திறந்து, பிறகு மடக்குவது என்று மாற்றியதும் ஒரு வாரத்தில் போயிற்று.

பன்னிரண்டாம் வார அளவுகள்

வலது கணுக்கால் 6-லிருந்து 8.5 செ.மீ. ஒற்றைக்கால் குதிகால் தூக்கல் இடது 22, வலது 17. வலது கால் நிற்பு 28 விநாடி. சுவர் அரைமண்டி 70 விநாடி. நாட்டியாரம்பக் கைகள் 2 நிமிடம் 20 விநாடி. நாடித்துடிப்பு 75, ஹீமோகுளோபின் 11.9, மாத்திரை தொடர்கிறது. எடை 70 கிலோ, அதாவது மாறவில்லை என்றே சொல்லலாம், மாற வேண்டிய தேவையும் இந்தத் திட்டத்தில் இருக்கவில்லை.

படுத்து அளந்த இடுப்புச் சுழற்சி 42-லிருந்து 44. தாளின்மேல் நின்று அளந்தது 35-லிருந்து 41. இடுப்பு 2 பாகைதான் ‘வளைந்திருக்கிறது’. கண்ணுக்குத் தெரியும் அரைமண்டியோ வேறொருவருடையது போல இருக்கிறது. முன்பு கைவசம் இருந்தும் பயன்படாத 7 பாகையில் பெரும்பகுதி இப்போது தசையின் பிடியில் வந்திருக்கிறது.

வகுப்பின் முதல் மாதம்

முதல் வகுப்புகளிலேயே இரண்டு நிமிடம் முதல் காலம், இரண்டு நிமிடம் இரண்டாம் காலம், ஒரு நிமிடம் மூன்றாம் காலம் என்று போனால் அந்த 5 நிமிடத்திலேயே 120, 240, 240, ஆக 600 தட்டு. இவருடைய கால்கள் பழகியிருப்பது 300-க்கு. ஆகவே ஆசிரியரிடம் சேரும் அன்றே மூன்று விஷயங்கள் சொல்லப்பட்டன: வலது கணுக்காலில் பழைய சுளுக்கு உண்டு, பாதங்கள் பக்கத்துக்கு 40 பாகைக்கு மேல் இப்போதைக்குத் திறக்காது, முதல் நான்கு வாரம் மூன்றாம் காலத்தில் பாதத்தால் தட்டாமல் கையால் தாளம் போட்டு, சொற்கட்டை (அடவுக்குரிய தாளச் சொற்கள்) சொல்லிக்கொண்டு நிற்க அனுமதி வேண்டும். சொற்கட்டு வாயில் ஊறிவிட்டால் பிறகு கால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்பதால் இதில் இழப்பு ஒன்றுமில்லை. முழுமண்டியும் (முழுவதும் கீழே அமரும் நிலை) சலங்கையும் இந்த மாதத்தின் பேச்சில் இல்லை.

வகுப்பில்லாத நாட்களில் வீட்டில் தட்டு கிடையாது, கைகளும் சுவர் அரைமண்டியும் மட்டும். வலிமைப் பயிற்சி வாரம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது, அதுவும் வகுப்புக்கு மறுநாள் இல்லாமல். வலது கெண்டைக்கால் இடதைவிட 5 எண்ணிக்கை பின்தங்கியிருப்பதால் அந்தக் கூடுதல் சுற்று இன்னும் நீடிக்கிறது. வித்தியாசம் 2-க்குள் வரும்வரை அதை எடுக்கப்போவதில்லை.